முதலில் கடிதம், பிறகு பெட்டி

என் அருமை வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். முப்பது வயதைத் தொடப்போகிறவனை இன்னும் வாண்டு என்று கூப்பிடலாமா என்று கேட்பாய், கூப்பிடலாம், பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு. நீ சுகமாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய், குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாய் என்று நானாகவே நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம்தான், அப்பாவின் மூக்கின் மேல் மட்டும் ஒரு சின்னக் கோடு விழுந்து ஆறியிருக்கிறது, அதன் கதையைக் கீழே சொல்கிறேன், அதற்குள் போனை எடுக்காதே. மாடி வீட்டுப் பல் டாக்டர் இந்தக் கடிதத்தோடு ஜிப் வைத்த கறுப்புப் பெட்டி ஒன்றையும் உன் கையில் தந்திருப்பார். முதலில் கடிதம், பிறகு பெட்டி. பெட்டி கனக்கிறதே, கேட்டதை அம்மா அனுப்பிவிட்டாள் என்று துள்ளாதே. இரண்டு துண்டையும் நாலு பழைய வாரப் பத்திரிகையையும் சுருட்டி வைத்து அச்சு அசலாக அதே கனத்துக்குக் கொண்டுவர எனக்குத் தெரியும், நூலகத்தில் முப்பத்தோரு வருடம் புத்தகப் பார்சல் கட்டியவள் நான். ஜிப்பின் இரண்டு முனையையும் சேர்த்து ஒரு நூல் கட்டியிருக்கிறேன் பார், அது என் கைமுடிச்சு, இடையில் அவிழ்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் திரும்பப் போட உன்னால் முடியாது. இன்னொன்று, எழுத்து இப்படித் தள்ளாடுகிறதே, மை வேறு வரிக்கு வரி இழுபட்டிருக்கிறதே, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறாதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதுவும் கீழே வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன் நீ ஒரு செய்தி அனுப்பினாய். "அம்மா, அலமாரி மேல என் யுகுலேலே இருக்குல்ல, அதை பல் டாக்டர்கிட்ட குடுத்து அனுப்பு, அவங்களுக்கு வாசிச்சுக் காட்டறேன்னு சொல்லிட்டேன்" என்று எழுதியிருந்தாய். யார் அந்த அவங்க? உன் நண்பர்களில் ஒருவனையாவது நீ அவங்க என்று சொல்லி நான் கேட்டதுண்டா? அவன், இவன், அந்த எருமை, இதுதானே உன் மரியாதை. திடீரென்று பன்மையில் இறங்கிவிட்டாய். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஆபீஸ்ல மேலதிகாரியா இருக்கும்" என்றார். கல்யாணமான புதிதில் ஒரு வருடம் முழுக்க என்னையும் வெளியே அவங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், அது மறந்துவிட்டது அவருக்கு. போகட்டும், அவங்களைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. பெயர், வேலை, எத்தனை நாள் பழக்கம், சிரித்தால் எப்படி இருப்பார்கள் என்ற நாலு விஷயத்தை மட்டும் நீயாகவே எழுதினால் போதும். என் கவலை வேறு. வாங்கிய சூட்டோடு மூன்றே நாள் தொட்டுவிட்டு அலமாரி மேல் தூக்கிப் போட்ட ஒன்றை வாசித்துக் காட்டுகிறேன் என்று எந்தத் தைரியத்தில் அளந்துவிட்டாய்? அதைவிடப் பெரிய கவலை, உன் செய்தி வந்த நேரத்தில் அந்த யுகுலேலே, உன் நாலு கம்பிக் குட்டி கிதார், அலமாரி மேல் இல்லை. என் மடியில் இருந்தது.

அதனால்தான் உன்னிடம் அடுத்தடுத்து மூன்று பொய் சொன்னேன். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றது முதல் பொய். பெட்டியின் ஜிப் சிக்கிக்கொண்டது, அப்பா சரி செய்கிறார் என்றது இரண்டாவது. பல் டாக்டர் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார் என்றது மூன்றாவது. பாவம் அவர், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "ஆன்ட்டி, பெட்டி ரெடியா?" என்று கேட்பார். நான் பல் வலிக்கிறது என்று பேச்சை மாற்றுவேன். அவர் அங்கேயே வாயைத் திறக்கச் சொல்வார். இப்படி ஒன்றுமில்லாத பல்லுக்கு இரண்டு தடவை வைத்தியம் பார்த்துக்கொண்டேன். ஒரு பொய்க்காக அந்த நாற்காலியில் போய்ப் படுத்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எப்படித் தொடங்கியது என்று கேள். நூலகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், கை சும்மா இருக்காமல் அலமாரி மேல் தூசி தட்டலாமென்று ஸ்டூல் போட்டு ஏறினேன். பெட்டி கையில் பட்டது. திறந்து எடுத்ததும் அதன் கழுத்து என் வலது கையிலும் வயிறு இடது கைப் பக்கமும் தானாக வந்து உட்கார்ந்தது. நான் யோசித்து ஒன்றும் செய்யவில்லை. அப்பா பார்த்துவிட்டு, "தலைமாத்திப் புடிச்சிருக்கே, திருப்பிப் புடி" என்றார். திருப்பிப் பிடித்தேன். ஒரு வாரம் பிடித்தேன். இடது கை விரல்கள் கம்பிமேல் ஏறாமல் அடம் பிடித்தன, வலது கை மீட்டத் தெரியாமல் கம்பியைச் சொறிந்துகொண்டிருந்தது. எட்டாம் நாள் அலுத்துப் போய் மறுபடி என் இஷ்டத்துக்குத் திருப்பிப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். அபஸ்வரம்தான், ஆனால் இடது கை அப்படிச் சந்தோஷமாக அசைந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் அப்பாவிடம் அதுவரை சொல்லாததைச் சொன்னேன், உனக்கும் சொல்லாததுதான். பள்ளியில் என் பெயர் பீச்சாங்கை. பிறவியில் நான் இடது கைக்காரி. டீச்சர் ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் தட்டுவார். அது போதாதென்று ஒரு நாள் கைக்குட்டையால் இடது கையை பெஞ்சோடு கட்டிவிட்டு எழுதச் சொன்னார். ஆறு மாதத்தில் எல்லோரும் மெச்சும் வலது கைக்காரி ஆகிவிட்டேன், அந்தக் கையெழுத்துக்காகவே நூலகத்தில் கார்டு எழுதும் வேலை கிடைத்தது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தன் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "உன் கைய மாத்தினது போதும், கம்பிய மாத்திடலாம்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன வார்த்தைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், அதற்காக அதன்பின் அவர் செய்த கூத்தையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

கூத்து என்னவென்றால், உன் அப்பா வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தவர் அல்லவா, அவருக்கு உலகத்தில் எதையும் பவர் வரிசையில்தான் அடுக்கத் தெரியும். பெரிய பவர் மேலே, சின்னப் பவர் கீழே. நம் வீட்டுக் கரண்டிகள்கூட அப்படித்தான் தொங்குகின்றன. நாலு கம்பியையும் கழற்றி மேசைமேல் போட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்த்துத் தடிமன்படி அடுக்கினார். மேலே தடித்தது, கீழே போகப் போக மெலிசு. "இதைப் பூட்டினவன் அவசரக்காரன், வரிசை தெரியாம பூட்டியிருக்கான், மேல மெலிசு வெச்சிருக்கான் பாரு" என்று முகம் தெரியாத ஒருவனைத் திட்டிக்கொண்டே தடித்த கம்பியை மேலே பூட்டினார். உன் பெட்டிக்குள் இருந்த தாளில் மேலிருந்து கீழாக ஜீ, சீ, ஈ, ஏ என்று போட்டிருந்தது. கூடவே இருந்த சின்ன கிளிப்பை யுகுலேலேயின் தலையில் மாட்டினால், கம்பி என்ன சுருதியில் நிற்கிறது என்று எழுத்தாகக் காட்டும். எனக்குக் கண்ணாடி கையில் இல்லை, அதனால் அவர் எழுத்தை வாசிக்க, நான் இடது கையால் திருகை முறுக்கினேன். மேல் கம்பியில் ஜீ வர வேண்டும். வந்ததோ சீ. "சீ!" என்றார். முறுக்கினேன். "சீ! இன்னும் சீதான்!" என்றார். மறுபடி முறுக்கினேன். "டீ!" என்றார். "விடாதே, இறுக்கு, ஈ! இன்னும் இறுக்கு!" என்று கத்தினார். தடித்த கம்பி எத்தனைதான் தாங்கும், பட்டென்று அறுந்து அவர் மூக்கின் மேல் ஒரு போடு போட்டது. "ஐயோ" என்று அலறினார். இது அத்தனையும் ஜன்னல் திறந்திருக்கையில் நடந்தது.

இரண்டே நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு நர்ஸ் அக்கா, ஓய்வு பெற்றும் ஓயாத விசாரணைக் கமிஷன், முதலுதவிப் பெட்டியோடு நின்றார். சீ என்றும் டீ என்றும் ஒரு மனிதர் பெண்டாட்டியைப் பேசியதைக் காதால் கேட்டு, என்னைக் காப்பாற்ற ஓடி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் நான் நன்றாகத்தான் நிற்கிறேன், அப்பாவின் மூக்கில்தான் ரத்தம். உடனே கட்சி மாறிவிட்டார். "ஏதோ கோவத்துல நாலு வார்த்த பேசிட்டாரு, அதுக்குன்னு கைய நீட்டலாமா? எந்தக் கையால பண்ணினே?" என்று என்னைக் கேட்டார். நான் திருகு முறுக்கியதைத்தான் கேட்கிறாராக்கும் என்று நினைத்து இடது கையைத் தூக்கிக் காட்டினேன். அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அவ அடிக்கல, உலுலாயி அடிச்சிடுச்சு" என்றார். அவர் வாயில் யுகுலேலே என்ற பெயர் இன்றுவரை நுழையவில்லை. நர்ஸ் அக்காவுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அவர் நம்பினாரா என்று தெரியவில்லை, ஒரு வாரம் தினமும் வந்து என் தலையையும் அப்பா மூக்கையும் பார்த்துவிட்டுப் போனார்.

மேல் கம்பி மெலிசாக, உயர்ந்த சுருதியில்தான் இருக்க வேண்டும், இந்த வாத்தியத்தின் கலகலப்பே அதில்தான் இருக்கிறது என்று பிறகு ஒரு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அப்பாவால் அதை ஜீரணிக்கவே முடியவில்லை, இரண்டு நாள் கரண்டிகளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கம்பி வந்ததும் என் கைக்கு ஏற்றபடி இடம் மாற்றிப் பூட்டினார். அதிலும் ஒரு சிக்கல், கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டையில் பள்ளங்கள் பழைய வரிசைக்கு வெட்டப்பட்டிருந்தன, தடித்த கம்பி மெலிசுப் பள்ளத்தில் நுழையவில்லை, மெலிசுக் கம்பி பெரிய பள்ளத்தில் கிடந்து கொசுபோல ரீங்காரமிட்டது. அப்பா பீரோவைத் திறந்து, எங்கள் கல்யாணப் போட்டோவில் போட்டிருக்கிறாரே, அந்தத் தடித்த பழுப்புக் கண்ணாடியை எடுத்தார். காதில் மாட்டும் இரண்டு தண்டில் ஒன்றைக் கழற்றி, துண்டு வெட்டி, தன் பழைய அரங்களால் மூன்று நாள் உட்கார்ந்து ராவி, புதுக் கட்டை செய்து ஒட்டினார். பள்ளங்களை வெட்டும்போது நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் என்னைப் பெண் பார்த்தாராம், அதனால்தான் அழகாகத் தெரிந்தேனாம். பதிலுக்கு நானும் ஒன்று சொன்னேன், அதை உனக்கு எழுத முடியாது.

அதன் பிறகு ஓடியது பார் வண்டி. பாடம் நடத்தும் வீடியோ வாத்தியார் வலது கைக்காரர், என் எதிரே உட்கார்ந்து வாசிக்கும்போது கண்ணாடியில் என்னையே பார்ப்பதுபோல் இருக்கும், அவர் கை எந்தப் பக்கம் போகிறதோ என் கையும் அந்தப் பக்கமே போனால் போதும். இடது கையால் எனக்கு ஒரு லாபம் வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் கார்டு, கார்டு என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு நூலகக் கார்டு ஞாபகம்தான் வந்தது, பிறகுதான் பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் பிடிக்கு அந்தப் பெயர் என்று புரிந்தது. புரிந்தபின்னும் விடவில்லை, மிச்சமிருந்த நூலகக் கார்டுகளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, விரல் வைக்கும் இடத்தில் புள்ளி வைத்து, பிடிக்கு ஒரு கார்டு எழுதி அகரவரிசையில் அடுக்கிவிட்டேன். வலது கை விரல் நுனிகளெல்லாம் காய்த்துப்போயின. இத்தனை வருடம் எஜமானியாக இருந்த கை அமுக்கும் வேலையில் முனகிக்கொண்டிருக்க, இடது கை மகாராணிபோல் மீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் மதியம் அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது அந்த கிளிப்பைக் கட்டிலின் தலைமாட்டில் மாட்டிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்து ஈ என்று காட்டியது. சந்தோஷம் தாங்காமல் "ஈ!" என்று கத்திவிட்டேன். அவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்து, "எங்கே, எங்கே?" என்று செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு அறை முழுக்கத் தேடினார். நான் முதன்முதலில் பிழையில்லாமல் வாசித்தது, துணி துவைத்து முடித்ததும் நம் வாஷிங் மெஷின் பாடுமே, அந்தச் சின்ன மெட்டு. அதை வாசித்தால் அப்பா எங்கிருந்தாலும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு துணி உலர்த்தக் கிளம்பிவிடுகிறார். ஒரே நாளில் மூன்று தடவை ஏமாந்திருக்கிறார். நீ அவரிடம் சொல்லிவிடாதே, மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறார்.

இந்த நிலையில் உன் செய்தி வந்தால் நான் எப்படிக் கொடுப்பேன்? கத்திரிக்கோல், டின் திறக்கும் கருவி, நூலக இழுப்பறை என்று நான் தொட்ட எல்லாமே யாரோ ஒரு வலது கைக்காகச் செய்தவை. என் கைக்கென்று ஒருவர் உட்கார்ந்து செய்து கொடுத்த முதல் பொருள் இது. பொய்கள் தீர்ந்துபோனதும் போன வெள்ளிக்கிழமை உட்கார்ந்து உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், இது இல்லை, வேறொன்று. என் வழக்கமான முத்து முத்தான கையெழுத்தில், "யுகுலேலே கிடைத்துவிட்டது, ஆனால் கம்பிகளை இடது கைக்கு மாற்றிவிட்டோம், இனி அது உன் கைக்கு உதவாது, அங்கேயே புதிதாக ஒன்று வாங்கிக்கொள்" என்று எழுதியிருந்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யைவிட வசதியான உண்மை கிடைத்துவிட்ட பூரிப்பில், மாலையில் பாட்டுக் கேட்க வந்த நர்ஸ் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். ஆமாம், இப்போதெல்லாம் அவர் தினமும் கேட்க வருகிறார், தாளம் போடுகிறேன் என்று மேசையை உடைக்கிறார். அவர் கேட்டுவிட்டு, "ஏன் உதவாது? உன் பையனும் பீச்சாங்கைதானே?" என்றார். இல்லையே, அவன் வலது கையால்தான் எழுதுவான் என்றேன். அவர் விடவில்லை. "எழுதறத விடு. சின்ன வயசுல ஊசி போடப் போனா, நீ அவன் வலது கைய கெட்டியா புடிச்சிருப்பே. அவன் இடது கையால பளார்னு ஒண்ணு குடுப்பான். என் கண்ணாடியே ரெண்டு தடவ உடைஞ்சுது, உன் வீட்டுக்காரர்தானே ஒட்டிக் குடுத்தாரு" என்றார். அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வாண்டு, இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன், இதைச் சிரிக்காமல் எழுதுகிறேன். எனக்குத் தெரியாமல் இல்லை. நீ கரண்டியை முதலில் எடுத்தது இடது கையால். பென்சிலையும் அப்படித்தான். பள்ளியில் உன்னையும் பீச்சாங்கை என்பார்கள், உன்னையும் பெஞ்சோடு கட்டுவார்கள் என்று பயந்து, அதற்கு முன்னால் நானே மாற்றிவிட நினைத்தேன். அடிக்கவில்லை, கட்டவில்லை, அதைவிடச் சாமர்த்தியம் செய்தேன். நீ எழுத உட்காரும்போதெல்லாம் உன் சிவப்புப் பொம்மைப் பஸ்ஸை இடது கையில் கொடுத்து, கீழே வைத்தால் பஸ் அழும் என்று சொல்லிவிடுவேன். நீ அதை இறுகப் பிடித்துக்கொண்டு மிச்சமிருந்த கையால் எழுதுவாய். நாலு மாதத்தில் வேலை முடிந்தது. அடிக்காமலேயே மாற்றிவிட்டேன் பார் என்று நூலகம் முழுக்கப் பெருமையடித்தேன். நீ இப்போதும் போனில் முகம் காட்டிப் பேசும்போது உன் இடது கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கிறாய், பேனா மூடி, சாவி, ஏதாவது ஒன்று. நான் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன், பார்த்துவிட்டு வேறு பேச்சுப் பேசுகிறேன். யுகுலேலே வாங்கி மூன்றாம் நாள் நீ என்னிடம் வந்து, "விரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதும்மா, எனக்கு சங்கீதம் வராது போல" என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கும் ஒரு வாரம் அதேதான் நடந்தது, அதே விரல்கள், அதே அடம். அன்றைக்கு நான் உன்னிடம், எல்லோருக்கும் எல்லாம் வராது கண்ணா என்று சொல்லித் தேற்றினேன். அந்த வாத்தியத்தைத் திருப்பிப் பிடித்துப் பார் என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான். எனக்கு வலித்ததைத்தான் உனக்கு வலிக்காமல் செய்தேன், ஆனால் செய்தேன். என்னை மன்னித்துக்கொள்.

அந்த முத்து முத்தான கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதை இடது கையால் எழுதுகிறேன், ஐந்து நாளாக எழுதுகிறேன், எழுத எழுதக் கை பின்னாலேயே வந்து மையைத் துடைத்துக்கொண்டு போகிறது. கிறுக்கலுக்கு அதுதான் காரணம். கொடுக்க மனம் வந்ததா என்று கேட்காதே, சுலபத்தில் வரவில்லை. சனிக்கிழமை முழுக்கக் கீழே வைக்காமல் வாசித்தேன், அப்பா ஐந்து தடவை பக்கெட்டோடு வந்து போனார். கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து, தண்டு கழற்றிய அந்தப் பழைய கண்ணாடியை என் மடியில் வைத்தார். "கண்ணாடிக்கு ரெண்டு காது உண்டு. ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு உனக்கு. இன்னொரு உலுலாயிக்குச் சொல்லியாச்சு" என்றார். நானும் வம்புக்கு, அடுத்தது உங்கள் பவர் வரிசையில் வேண்டாம் என்றேன். இதோ நான் எழுதிக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து நாக்கைத் துருத்திக்கொண்டு ராவிக்கொண்டிருக்கிறார்.

இனி புத்திமதி. தினமும் எடுத்ததும் முதலில் சுருதி சேர், ஊர் மாறிய கம்பி, ஒரு வாரம் தளர்ந்துகொண்டே இருக்கும், சலித்துக்கொள்ளாதே. ஜீ, சீ, ஈ, ஏ என்று உரக்கச் சொல்லிக்கொண்டு செய்யாதே, பக்கத்து வீட்டில் நர்ஸ் இருக்கலாம். கழுத்தை நெரிக்காதே, விரலை உலோகக் கோட்டை ஒட்டி அதற்குச் சற்று முன்னால் வைத்து மெதுவாக அமுக்கினாலே போதும். வலது கை நகத்தை ஒட்ட வெட்டு. வெயிலில் நிறுத்திய காரில் அதை விட்டுப் போகாதே. பெட்டியின் உள் பையில் நாலு கார்டு வைத்திருக்கிறேன், சீ, ஏ மைனர், எஃப், ஜீ செவன். முதல் இரண்டுக்கும் ஒரே விரல், சோம்பேறிக்கும் வரும். இந்த நாலை வைத்துக்கொண்டே பாதிப் பாட்டுகளை ஒப்பேற்றிவிடலாம், என் வாஷிங் மெஷின் மெட்டு உட்பட. அவங்களிடம் வாசிக்கத் தெரியும் என்று அளந்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தெரியாது, என் அம்மாவிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிடு. சிரித்தால் நல்ல பெண். சிரித்துவிட்டு எனக்கும் சொல்லிக் கொடு என்று கேட்டால் உடனே எனக்குப் போன் செய், அந்தச் செய்திக்கு மட்டும் எந்த நேரமானாலும் பரவாயில்லை. விரல் வலிக்கும், பத்து நாள் பொறுத்துக்கொள். பத்து நாளுக்குப் பிறகும் வராவிட்டால் அப்போது சொல், எனக்கு வராது என்று. அதற்கு முன் சொல்லக் கூடாது.

உன் கை நினைத்ததெல்லாம் உனக்குக் கூடி வரட்டும், உடம்பும் மனமும் நிறைந்து நீ நூறு வயது வாழ வேண்டும். அப்பாவின் ஆசியும் இதில் உண்டு, அரத்தூளோடு கையைத் தூக்கிக் காட்டுகிறார்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா
(பீச்சாங்கையால் போட்ட முதல் கையெழுத்து)

மறந்துவிடாதே: அந்த நாலு கார்டும் நான் என் கைக்கு எழுதியவை. கண்ணாடியில் காட்டித் திருப்பிப் படிக்க வேண்டியதில்லை, அப்படியே பார், உனக்கும் அதுதான் சரி. இதைப் படிக்கும்போதும் உன் இடது கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருப்பாய். அதைக் கீழே வை, பஸ் அழாது. இப்போது முடிச்சை அவிழ்.